பள்ளி வாசலில் வேகத்தடை கேட்கும் முன்...



"எங்க தெருவுல வண்டிங்க பறக்குது. ஸ்கூல் வாசல்ல ஒரு வேகத்தடை போடச் சொல்லி யார்கிட்ட கேட்கிறது?" என்று என்னைக் கேட்காத தாய்மார்கள் குறைவு. கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், கோயில் பிராகாரத்தில் கேட்கிறார்கள், காய்கறிக் கடையில் பையை நிரப்பிக்கொண்டே கேட்கிறார்கள். கேட்டுவிட்டு, "நாம சொன்னா யாரு கேட்கப் போறாங்க?" என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அப்படி விட்டுவிடக் கூடாது. பிள்ளையைப் பள்ளியில் விடுவது, பாலுக்கும் மருந்துக்கும் போவது, வயதான மாமியாரைக் கையைப் பிடித்து டாக்டரிடம் அழைத்துப் போவது என்று தெருவில் நடக்கிறவர்கள் நாம்தான். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு ஆபத்து என்பது ஆபீசில் உட்கார்ந்திருப்பவரைவிட நமக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்ததைச் சரியான இடத்தில், சரியான முறையில் சொல்ல வேண்டும். சென்னையை வைத்துச் சொல்கிறேன். மற்ற ஊர்களிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

ரோடு ஒன்று, பொறுப்பு பலருக்கு

கூட்டுக் குடும்பத்தில் அடுப்படி ஒருவர் பொறுப்பு, வரவு செலவு ஒருவர் பொறுப்பு, வெளிவேலை இன்னொருவர் பொறுப்பு என்று இருக்கும் இல்லையா? மளிகைக் கணக்கைச் சின்ன மருமகளிடம் கேட்டால் அவள் என்ன செய்வாள்? ரோடு சமாசாரமும் அதே மாதிரிதான்.

ரோட்டின் உடம்பு மாநகராட்சியைச் சேர்ந்தது. குழி, நடைபாதை, மழைநீர் வடிகால், தெருவிளக்கு, வேகத்தடை கட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. சென்னையில் பஸ் போகிற ரோடுகளுக்கென்று மாநகராட்சியில் தனித் துறையே இருக்கிறது. உள்தெருக்களை மண்டல அலுவலகம் கவனிக்கும். ஆனால் அண்ணா சாலை போன்ற சில பெரிய ரோடுகள் மாநகராட்சியிடம் இல்லை. மாநில நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன.

ரோட்டின் ஓட்டம் போக்குவரத்துப் போலீசைச் சேர்ந்தது. ஒருவழிப் பாதை, வண்டி நிறுத்தக் கூடாத இடம், லாரி வரக்கூடாத நேரம், சிக்னலில் பச்சை எத்தனை விநாடி, வேக வரம்பு எவ்வளவு, அபராதம் யாருக்கு என்பதெல்லாம் அவர்கள் தீர்மானம். டிரைவிங் லைசென்ஸ், வண்டிப் பதிவு ஆகியவை ஆர்.டி.ஓ. ஆபீஸ் விஷயம். அது வேறு இடம்.

இதற்கெல்லாம் அடிப்படை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம். அதிலே ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஒரு கட்டுப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் போகாது என்றால் அரசிதழில் வெளியிட வேண்டிய அவசியமில்லை; அந்த இடத்தில் எல்லாருக்கும் தெரியும்படி அறிவித்தால் போதும். "சோதனை முறையில் இந்தத் தெரு ஒருவழிப் பாதை" என்று போர்டு வைத்தால் கோபப்படுவதோடு நிறுத்திவிடாதீர்கள். கருத்துச் சொல்ல அதுதான் நல்ல சமயம். மாற்றம் நிரந்தரமான பிறகு முணுமுணுத்துப் பிரயோஜனம் இல்லை.

எங்கள் பகுதியில் நடந்தது

எங்கள் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். முன்னால் பஸ் போகிற ரோடு. ஒரு நாள் மாலை மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றை பைக் தட்டிவிட்டது. கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் மாவுக்கட்டு. நாங்கள் பெண்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்டு வேகத்தடை கேட்டு மனுக் கொடுத்தோம். முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. இரண்டாவது மனுவைத் தலைமையாசிரியையின் கடிதத்தோடு கொடுத்த பிறகுதான் ஒரு பொறியாளரும் ஒரு போக்குவரத்து இன்ஸ்பெக்டரும் நேரில் வந்தார்கள்.

"இது பஸ் ரூட்டும்மா. ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் போற வழி வேற. நினைச்ச இடத்துல மேடு போட முடியாது" என்றார் பொறியாளர்.

அடிபட்ட குழந்தையின் தாய்க்கு வந்ததே கோபம்! "ஆம்புலன்ஸ் லேட்டாகக் கூடாதுன்னு சொல்றீங்களே சார், அதுல ஏறிப் போனது என் பொண்ணு!" என்றாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த இன்ஸ்பெக்டரைப் பாராட்ட வேண்டும். "சாயங்காலம் மணி அடிக்கிற நேரத்துக்கு நான் திரும்ப வர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி வந்து அரை மணி நேரம் நின்று பார்த்தார். வாசலின் இரண்டு பக்கமும் ஆட்டோவும் வேனும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. அவற்றின் இடுக்கிலிருந்து குழந்தைகள் ரோட்டுக்கு வருகிறார்கள். வேன் உயரத்துக்கு முன்னால் ஏழு வயதுக் குழந்தையின் தலை எங்கே தெரியும்? வண்டி ஓட்டுகிறவனுக்குக் குழந்தை தெரியாது. குழந்தைக்கும் வண்டி தெரியாது.

பஸ் ரோட்டில் மேடு கிடைக்கவில்லை. ஆனால் வாசலுக்கு இரண்டு பக்கமும் வண்டி நிறுத்தத் தடை வந்தது. கோடு அழிந்துபோன ஜீப்ரா கிராசிங்குக்குப் புதிதாக வர்ணம் அடித்தார்கள். சின்ன வகுப்புகளைப் பக்கத்துச் சந்து வழியாக வெளியே விடப் பள்ளி ஒப்புக்கொண்டது. அந்தச் சந்திலே முறையான வேகத்தடையும் வந்தது. ஆட்டோக்காரர்கள் முறைத்தார்கள். நம் தாய்மார்களிலேயே சிலர், "இவ்வளவு தூரம் பையைத் தூக்கிக்கிட்டு நடக்கணுமா?" என்று சலித்துக்கொண்டார்கள். இன்றைக்கும் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் வேன்களின் இடுக்கிலிருந்து குழந்தை ஓடி வருவது நின்றுவிட்டது.

நாமே மேடு போடலாமா?

கூடவே கூடாது. சில தெருக்களில் விபத்து நடந்த மறுநாளே ஆத்திரத்தில் கல்லும் சிமென்ட்டும் கொட்டி மேடு போட்டுவிடுகிறார்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் அளவுப்படி, பொதுவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அதாவது பன்னிரண்டு அடி அகலம், நாலே அங்குல உயரம். தொட்டில் கவிழ்த்த மாதிரி வழுவழுவென்று ஏறி இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டிக்குக் குலுக்கல் தெரியாது. பறக்கிறவனுக்கு மட்டும் தெரியும். 40 மீட்டர் முன்னாலேயே எச்சரிக்கைப் போர்டு வேண்டும். இரவில் தெரியும்படி வர்ணமும் வேண்டும்.

நாமே கொட்டுகிற குறுகலான மேட்டில் இதெல்லாம் ஏது? விளக்கில்லாத தெருவில் ஸ்கூட்டரின் பின்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்து வருகிற பெண் கீழே விழுவாள். கர்ப்பிணிக்கும் முதுகுவலிக்காரருக்கும் ஒவ்வொரு மேடும் தண்டனை. ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போட்ட மேடு இன்னொரு வீட்டுப் பெண்ணைத் தள்ளிவிடலாமா?

30 என்ற கணக்கு

2023 நவம்பரில் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் புதிய வேக வரம்பு அறிவித்தது. மணிக்கு கார் 60 கிலோமீட்டர், இரு சக்கர வண்டி 50, ஆட்டோ 40. குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30தான்.

முப்பதுக்கும் அறுபதுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். குழந்தை குறுக்கே வருவதைக் கண் பார்த்து, பிரேக்கில் கால் அழுந்த ஒரு விநாடி ஆகிறது என்று வையுங்கள். அந்த ஒரு விநாடியில் 30-ல் போகிற வண்டி எட்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடிவிடும். 60-ல் போவது பதினேழு மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு ஓடுகிற தூரம் தனி.

சிக்னலுக்கும் ஒரு கணக்கு உண்டு. நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்று வைத்துத்தான் பொதுவாக நேரம் போடுகிறார்கள். 12 மீட்டர் ரோட்டைக் கடக்கப் பத்து விநாடி. முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், இடுப்பில் ஒன்று கையில் ஒன்று என்று வருகிற தாய்க்கும் அது போதுமா? உங்கள் சிக்னலில் ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். போதவில்லை என்றால் விநாடிக் கணக்கோடு எழுதிக் கேளுங்கள்.

மனு எழுதும் முறை

1. "எங்கள் தெருவில் ஆபத்து" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ரோட்டின் பெயர், பக்கத்து அடையாளம், எந்தக் கிழமை, எத்தனை மணி, யார் கடக்கிறார்கள் என்பது எல்லாம் இருக்கட்டும்.

2. முதலில் கஷ்டத்தைச் சொல்லுங்கள். பிறகு பரிகாரம் கேளுங்கள். வேகத்தடை முடியாது என்றால் அவர்கள் வேறு வழி யோசிக்க இடம் இருக்கும்.

3. ரோடு, விளக்கு, நடைபாதை என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். சென்னையில் 1913 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். வண்டி நிறுத்துவது, ஒருவழி, சிக்னல் என்றால் போக்குவரத்துப் போலீஸ். இரண்டும் கலந்த விஷயமானால் இருவருக்கும் கொடுத்து, வார்டு கவுன்சிலருக்கு ஒரு நகல் கொடுங்கள்.

4. பகல் நேரப் புகைப்படம் ஒன்று, பள்ளி விடும் நேரப் புகைப்படம் ஒன்று வையுங்கள்.

5. ரசீதோ புகார் எண்ணோ வாங்காமல் வராதீர்கள். அது இல்லாவிட்டால் மறுபடி போய் நிற்கும்போது கையில் பிடி இருக்காது. பதிலே வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில், "என் மனுமீது என்ன நடவடிக்கை?" என்று எழுதிக் கேட்கலாம்.

நம் கையில் இருப்பது

ஆபீஸைக் கேட்கிற உரிமையோடு நம் வீட்டுக் கடமையும் இருக்கிறது. ரோடு கடக்கையில் குழந்தையின் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள், விரல் உருவிக்கொள்ளும். குழந்தை வேன் பக்கம், நீங்கள் ரோட்டுப் பக்கம். நின்றிருக்கும் பஸ்ஸின் முன்னால் கடக்கவே வேண்டாம்.

இரு சக்கர வண்டியில் ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பத்தாவது படிக்கிற பையன், "பக்கத்துக் கடைக்குத்தானேம்மா" என்று வண்டிச் சாவி கேட்டால் மனம் இளகாதீர்கள். அவன் ஓட்டிப் பிடிபட்டால் வண்டிச் சொந்தக்காரரோ பெற்றவரோ 25,000 ரூபாய் அபராதமும், மூன்று வருஷம் வரை சிறையும் சந்திக்க நேரும். 2019-ல் திருத்திய சட்டம் அப்படிச் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. ரோட்டில் அடித்த வர்ணம் வாசல் கோலம் மாதிரிதான், மிதிபட்டு அழியும். ஒரு தடவை கிடைத்துவிட்டது என்று இருந்துவிடாமல், வருஷா வருஷம் பள்ளி திறப்பதற்கு முன் மே மாதத்திலேயே ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டுவிடுங்கள். பழைய மனுவின் நகலும் புகார் எண்ணும் ரேஷன் கார்டோடு பத்திரமாக இருக்கட்டும்.