தசைக்கு ஊசி, இதயத்துக்குச் சுமை

நாண்ட்ரோலோன், எலும்புப்புரைக்கும் சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கும் தரப்பட்டுவந்த ஊசிமருந்து. தசையைப் பெருக்கும் ஸ்டீராய்டுகளில் ஒன்று. திருச்சியைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019-இல் தோஹா ஆசியத் தடகளப் போட்டியில் வென்ற 800 மீட்டர் தங்கத்தை இழந்து 4 ஆண்டுத் தடை பெற்றது, இதன் எச்சம் சிறுநீரில் தென்பட்டதால்தான். தெரிந்து உட்கொள்ளவில்லை என்றார் அவர். பதக்க இழப்பு ஊருக்குத் தெரியும். உடலுக்குள் நேர்வது தெரியாது. வெளியிலிருந்து ஹார்மோன் குவிந்ததும் பிட்யூட்டரி சுரப்பி தன் கட்டளையை நிறுத்திவிடுகிறது. ஆண்களுக்கு விரைகள் சுருங்கி, விந்தணு குறைகிறது. பெண்ணின் குரல் தடித்துவிட்டால், ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்புவது அரிது. நல்ல கொழுப்பு சரிந்து, கெட்ட கொழுப்பு ஏறி, இதயத் தசை தடிக்கிறது. மாத்திரையாக விழுங்கும் வகைகள் கல்லீரலைத் தாக்குகின்றன. வளரும் வயதில் எலும்பின் வளர்முனை முன்கூட்டியே மூடிக்கொள்ள, உயரம் அதோடு நின்றுவிடும். ஊக்கமருந்துச் சோதனையோ போட்டியாளர்களுக்கு மட்டுமே. கட்டுடலுக்காகப் புதுச்சேரி ஜிம் ஒன்றில் இளைஞர் ஒருவர் இதே ஊசியைப் போட்டுக்கொண்டால், எந்தச் சோதனைக்குழுவும் அங்கே வராது. ஆகவே இந்த விளைவுகளைப் பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் முதல் நாளிலேயே சொல்லித்தர வேண்டும்.