ஏறாவூர் வீதியில் ஒரு விசுவாசம்

விசுவாசத்தை வணக்கத்தலத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வெளியே வருவது எல்லா மதத்தவருக்கும் எளிது. கல்முனை முஸ்லிம்களாகிய நாமும் அதற்கு விதிவிலக்கல்லர். அதனை அன்றாடம் வாழ்ந்தவர் என்றதும் என் நினைவுக்கு வருபவர் ஒரு கிறிஸ்தவத் துறவி: யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார்.

அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த இயேசு சபைத் துறவி அவர். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்தார். இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளித்தார். காணாமற்போனோருக்காகக் குரல் கொடுத்த சமாதானக் குழுவிலும் இருந்தார்.

1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரைப் புலிகள் கொன்றனர். 11ஆம் திகதி இரவு ஏறாவூரிலும் கொன்றனர். பழியும் பயமும் நிறைந்த அவ்வீதியில், 15ஆம் திகதி, வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிய அடிகளாரும் உடன்வந்த தமிழ் இளைஞரும் ஏறாவூர்ப் பகுதியில் காணாமற்போயினர். உடல்கள்கூடக் கிடைக்கவில்லை.

ஆண்டுதோறும் நம் ஷஹீத்களுக்கு நீதி கேட்கிறோம். அது நமது உரிமை. ஆனால், அந்த இருவருக்காகவும் நாம் உரத்துக் கேட்டிருக்க வேண்டாமா? தன்னவருக்கு மட்டும் நீதி கேட்பதற்கு விசுவாசம் தேவையில்லை. இரத்த உறவே போதும். பிறருக்காகக் கேட்கும்போதுதான் அது தேவைப்படுகிறது. அடிகளார் அதைச் செய்தார். நாம் இன்னும் செய்யவில்லை.