43-ஏ பிரிவைத் திருப்பிக் கொடுங்கள்

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியானபோதே, எந்தப் பிரிவு எப்போது நடைமுறைக்கு வரும் என்ற அறிவிக்கையும் சேர்ந்து வந்தது. அதன்படி பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதத்தில், 43-ஏ சட்டப் புத்தகத்தில் இருக்காது. ஒரு நிறுவனம் நம் அந்தரங்க விவரங்களை அலட்சியமாக வைத்திருந்து பறிகொடுத்தால், அதனால் நமக்கு நேரும் இழப்பை அந்த நிறுவனமே ஈடுகட்ட வேண்டும் என்று நேராகச் சொன்ன பிரிவு அது. அதை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை.

கேட்டால் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 250 கோடி ரூபாயைக் காட்டுகிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளில் கோட்டைவிட்ட நிறுவனத்துக்கு அவ்வளவு வரை அபராதம் போடலாம் என்பது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 34ஆவது பிரிவையும் படிக்க வேண்டும். வசூலாகும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. யாருடைய விவரம் திருடுபோனதோ, யாருடைய சேமிப்பு கரைந்ததோ, அவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அந்தச் சட்டத்தின் கீழ் அமையும் புதிய வாரியத்துக்குத் தரப்படவில்லை.

சில வாரங்களுக்கு முன் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு. நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும் பரிசோதனைக்கூடத்திலிருந்து பேசுவதாக ஒரு அழைப்பு வந்திருக்கிறது. “அம்மா, போன தடவை உங்க சர்க்கரை மூணு மாத சராசரி 9.2 இருந்ததே, இப்ப மருந்து மாத்தியாச்சா?” என்றுதான் பேச்சே தொடங்கியது. அந்த 9.2-ஐ அவர் தன் மகனிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. கவலைப்படுவான் என்று மறைத்து வைத்திருந்தார். அதைச் சரியாகச் சொல்கிறவர் பரிசோதனைக்கூடத்து ஆளாகத்தான் இருக்க முடியும் என்று நம்பினார். மூத்த குடிமக்களுக்கான சலுகையில் பணம் திரும்ப வரும் என்றார்கள், ஓடிபி கேட்டார்கள், சொன்னார். ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் ரூபாய் போனது.

அதற்கு நான்கு மாதம் முன்பே அந்தப் பரிசோதனைக்கூடம் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. “சில வாடிக்கையாளர்களின் சில விவரங்கள் அனுமதியின்றி அணுகப்பட்டிருக்கலாம்” என்று ஒரு வரி. எந்த வாடிக்கையாளர், எந்த விவரம் என்று எதுவும் இல்லை. அது விளம்பர மின்னஞ்சல்களுக்கு நடுவே திறக்கப்படாமல் கிடந்தது. 1930 எண்ணுக்குப் புகார் சொன்னார். வங்கிக்கு ஓடினார். மூன்றாம் தரப்பால் நேர்ந்த மோசடியை மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டினார். ஓடிபியை நீங்களே கொடுத்தீர்கள், அது உங்கள் கவனக்குறைவு, புகார் சொல்லும் வரையிலான நஷ்டம் உங்களுடையது என்று வங்கி அதே சுற்றறிக்கையின் இன்னொரு பத்தியைக் காட்டியது. அவரை நம்பவைத்த அந்த 9.2 யார் வீட்டுக் கதவு வழியாக வெளியே போனது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கு அவர் கேட்கலாம். மருத்துவ விவரங்கள் 43-ஏ பிரிவின் பாதுகாப்புக்குள் வருகின்றன. மாநில அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே தீர்ப்பு அதிகாரி. ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவரிடம் வைக்கலாம். நுகர்வோர் ஆணையமும் உண்டு. நம்பிக்கையின்பேரில் கொடுத்த சொந்த விவரத்தைப் பிறருக்கு வெளிப்படுத்துவதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கை என்கிறது. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. தான் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆனால் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்ன சொல்வார் என்பது இப்போதே தெரியும். நாங்கள் வெளிப்படுத்தவில்லை, எங்களிடமிருந்து திருடினார்கள் என்பார். புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டால் இன்னும் வசதி. வாரியம் விசாரிக்கக்கூடிய விஷயத்தில் உரிமையியல் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்ற 39ஆவது பிரிவையும், முரண்பாடு வந்தால் இந்தச் சட்டமே மேலோங்கும் என்ற 38ஆவது பிரிவையும் எடுத்து வைப்பார். நுகர்வோர் ஆணையத்துக்கு அது பொருந்துமா என்று வாதாடியே ஆண்டுகள் போகும்.

2027 மே மாதத்துக்குப் பிறகு அந்த ஆசிரியைக்குப் புதிய சட்டம் விட்டுவைத்திருக்கும் வழி எது? முதலில் அந்த நிறுவனத்திடமே குறை சொல்ல வேண்டும். பதில் சொல்ல அவர்களுக்குத் தொண்ணூறு நாள் வரை அவகாசம். பிறகுதான் வாரியம். வாரியம் விசாரிக்கும், அபராதம் போட்டாலும் போடும். இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறோம் என்று நிறுவனம் எழுதிக்கொடுத்து, வாரியம் அதை ஏற்றுக்கொண்டால் அத்தோடு விசாரணையும் நின்றுவிடலாம். ஆசிரியையின் வங்கிக் கணக்கில் எந்த மாற்றமும் இருக்காது. அவருடைய புகார் பொய்யானது அல்லது அற்பமானது என்று வாரியம் முடிவுசெய்தால் மட்டும் அவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாதிக்கப்பட்டவரிடம் பணம் வாங்க வழி வைத்த சட்டத்தில் அவருக்குப் பணம் கொடுக்க வழியில்லை. இதை எழுதியவர்களுக்கு இது கண்ணில் படவில்லை என்று நம்ப முடியவில்லை.

ஏனென்றால் இழப்பீடு என்ற எண்ணம் அவர்கள் மேசைக்கு வராமல் போகவில்லை. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் கொடுத்த வரைவில் அது இருந்தது. 2019இல் மக்களவையில் வைத்த மசோதாவிலும் இருந்தது. அந்த மசோதாவை 2022 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தில் அது காணாமல் போயிருந்தது. இடையில் யார் கேட்டார்கள், யார் எடுத்தார்கள் என்பதற்கு இதுவரை ஒழுங்கான விளக்கம் இல்லை.

43-ஏ ஏட்டளவில்தான் இருந்தது, அதனால் பெரிதாக யாரும் பயன்பெறவில்லை என்று ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. அதை ஏட்டிலேயே கிடக்க வைத்தது யார்? தூத்துக்குடியைச் சேர்ந்த ஒரு வங்கி வாடிக்கையாளர், போலி மின்னஞ்சலால் பணத்தை இழந்து, இதே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் சென்னையில் இதே தீர்ப்பு அதிகாரியிடம் போனார். 2010 ஏப்ரலில் வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவானது. நாடே திரும்பிப் பார்த்த உத்தரவு அது. வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. அதை விசாரிக்க வேண்டிய சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011க்குப் பிறகு தலைவரே நியமிக்கப்படவில்லை. நாற்காலி ஆண்டுக்கணக்கில் காலியாகவே கிடந்து, 2017இல் அந்தத் தீர்ப்பாயத்தையே தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தோடு சேர்த்துவிட்டார்கள். வாடிக்கையாளர் பக்கமே நியாயம் என்று அங்கே முடிவாக 2019 ஆகிவிட்டது. ஒருவரைத் தலைவராக நியமிக்க முடியாதவர்கள், அந்த வழியில் கூட்டமே இல்லை என்று சொல்லிக் கதவை அடைக்கிறார்கள்.

அரசின் அலட்சியப் பட்டியல் இத்தோடு முடியவில்லை. 2022 ஏப்ரலில் ஒரு உத்தரவு போட்டார்கள்: இணையத் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணைய அவசரநிலைக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். விவரத்தைப் பறிகொடுத்த குடிமக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. 2023 ஜூனில் கோவின் தடுப்பூசித் தளத்து விவரங்கள் டெலிகிராமில் வருகின்றன என்று செய்தி வந்தபோது, ஆதாரமற்றது, விஷமத்தனமானது என்று மறுத்தார்கள். சில நாளில் பீகாரில் ஒருவரைக் கைது செய்தார்கள். 2024இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் அதே டெலிகிராமில் உலவின. 3.1 கோடிப் பேருடையது என்று விற்க வந்தவன் சொன்னான். நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க முடிந்தது. பாலிசி எடுத்தவர்கள் தங்களுக்காக எங்கே போக வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

எல்லாவற்றையும்விட ஆத்திரமூட்டுவது அறிவிக்கையின் வரிசை. நிறுவனங்கள் செய்ய வேண்டியவற்றுக்குப் பதினெட்டு மாத அவகாசம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைச் சுருக்கும் திருத்தத்துக்கோ ஒரு நாள்கூட அவகாசம் இல்லை. 2025 நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது. பொதுநலன் கருதித் தனிநபர் விவரத்தைத் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வாசல் அன்றே மூடப்பட்டது. மக்கள் கேள்வி கேட்பதை நிறுத்த இவ்வளவு அவசரம் காட்டத் தெரிந்தவர்களுக்கு, மக்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க ஒரு வரி எழுதத் தெரியவில்லை.

இழப்பை எப்படிக் கணக்கிடுவது, சிறு நிறுவனங்கள் தாங்குமா என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் தனிமனிதர் இழப்பீடு கேட்டு வழக்குப் போடுகிறார். அமெரிக்காவில் 2017இல் சுமார் 14.7 கோடிப் பேரின் விவரத்தைப் பறிகொடுத்த ஈக்விஃபாக்ஸ், பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே 42.5 கோடி டாலர் வரை ஒதுக்க 2019இல் ஒப்புக்கொண்டது. தலைக்குக் கிடைத்தது சொற்பம்தான். ஆனாலும் அது பறிகொடுத்தவர்களுக்கென்று எழுதப்பட்ட பணம். விபத்தில் போன காலுக்கும் உயிருக்கும் நம் மோட்டார் வாகனத் தீர்ப்பாயங்கள் அன்றாடம் கணக்குப் போட்டுத் தொகை சொல்கின்றன. ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரத்தைக் கணக்கிட முடியாது என்பதை எந்த முகத்தோடு சொல்கிறார்கள்?

இன்னும் காலம் இருக்கிறது. சட்டத்தைத் திருத்துவார்களோ, அபராதத்தில் ஒரு பங்கை ஒதுக்குவார்களோ, வேறு வழி காண்பார்களோ, அது அவர்கள் பொறுப்பு. அதுவரை 43-ஏ பிரிவில் கை வைக்கக் கூடாது. அந்த ஆசிரியை மனுவை எழுதத் தொடங்கிவிட்டார். நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் பாக்கி இருக்கிறது.