ஒத்த நம்பர்ல போச்சுங்க



கேரள லாட்டரியின் 2023 ஓணம் பம்பர் குலுக்கலில் முதல் பரிசு 25 கோடி ரூபாய். சீட்டு விற்றது தமிழக எல்லையை ஒட்டிய வாளையாறில், வென்றவர்கள் திருப்பூர்ப் பக்கத்து நண்பர்கள் நான்கு பேர். அவர்கள் நன்றாக இருக்கட்டும். அந்தச் செய்தியைக் கேட்டு மறுநாள் வாளையாறுக்கு பஸ் ஏறியவர்களை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

தமிழ்நாடு 2003-இல் லாட்டரியைத் தடை செய்துவிட்டது. இருந்தும் மதியம் மூன்று மணிக்கு நடக்கும் கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று எண்களை வைத்து இங்கே திருட்டுத்தனமாகச் சூதாட்டம் நடக்கிறது. மூன்றில் இரண்டு சரியாக வந்துவிட்டால் தோற்றவருக்குத் தோற்ற மாதிரியே தெரிவதில்லை. “ஒத்த நம்பர்ல போச்சுங்க” என்கிறார். பணம் முழுவதும் போயிருக்கிறது. நெருங்கிவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் மிஞ்சுகிறது. நாளைய குலுக்கலுக்கு இன்றைய எண் எதுவும் தெரியாது என்பதை அந்த நேரத்தில் யார் சொல்லி அவர் காதில் ஏறும்? அதற்குமேல், விட்டதைப் பிடிக்கும் வெறி வேறு.

சூதாட்ட விடுதிக்காரர்களுக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரியும். கூடத்தில் கடிகாரம் வைக்க மாட்டார்கள், ஜன்னல் இருக்காது. ரூபாயை வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுப்பார்கள்; கையிலிருந்து போவது பணமாகவே தோன்றாது. அவ்வப்போது சின்னதாய் ஒரு வெற்றி. அது எப்போது வரும் என்று தெரியாததால்தான் எழுந்துபோக முடிவதில்லை.

லாட்டரியிலாவது அடுத்த குலுக்கல்வரை ஒரு நாள் இடைவெளி இருந்தது. செல்போன் ரம்மி அதையும் பறித்தது. சனிக்கிழமை வாங்கிய பனியன் கம்பெனிச் சம்பளம் ஞாயிறு விடிவதற்குள் தீர்ந்துபோக அது வழி செய்தது. அதனால்தான் 2025 பிப்ரவரியில் தமிழக அரசு கொண்டுவந்த விதிகளை நான் மனதார வரவேற்றேன்: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடினால் திரையில் எச்சரிக்கை வர வேண்டும். யோசிக்க மனிதனுக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்த விதிகள் அவை. ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் மத்தியச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்தது.

தடை வந்தாலும், சூதாடிப் பட்ட கடன் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது சூதில் சிக்கியிருந்தால், எவ்வளவு போச்சு என்று கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். 14416 என்ற மனநல உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். கூட உட்கார்ந்து நீங்களே எண்ணைப் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்