நாள் குறிக்காத காவல்

சிறைக்குள் இரண்டு விதமான காலம் உண்டு. ஜெர்மனியின் சோசலிசப் புரட்சியாளர் ரோசா லக்சம்பர்க் இரண்டையும் வாழ்ந்து பார்த்தவர். பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்தச் சொன்னால் மறுத்துவிட வேண்டும் என்று 1913இல் ஃபிராங்க்ஃபர்ட் பகுதிக் கூட்டங்களில் பேசியதற்காக அவருக்கு ஓராண்டுத் தண்டனை கிடைத்தது. 1915 பிப்ரவரியில் பெர்லின் பெண்கள் சிறைக்குப் போனார். 1916 பிப்ரவரியில் வெளியே வந்தார். அது எண்ணிக் கழிக்கக்கூடிய காலம். அதே ஆண்டு ஜூலையில் மறுபடி பிடித்தார்கள். இந்தத் தடவை வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. ‘பாதுகாப்புக் காவல்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். நம் ஊர்ச் சட்டங்களில் தடுப்புக் காவல். என்றைக்கு விடுவார்கள் என்று உள்ளே இருப்பவருக்கும் தெரியாது, பூட்டுகிறவருக்கும் தெரியாது. பெர்லின், வ்ரோன்கே, பிரெஸ்லாவ் என்று இடத்தை மாற்றினார்களே ஒழிய நாள் குறிக்கவில்லை. 1918 நவம்பரில் ஜெர்மனியில் புரட்சி வெடித்த பிறகே கதவு திறந்தது.

காலம் வெளியே எங்கும் இல்லை, அது மனத்தில்தான் இருக்கிறது என்று ‘ஒப்புதல்கள்’ நூலின் பதினோராம் பகுதியில் அகஸ்டின் வாதாடுகிறார். போனது நினைவாக இருக்கிறது, இருப்பது கவனமாக இருக்கிறது, வரப்போவது எதிர்பார்ப்பாக இருக்கிறது. இந்த மூன்றில் எதைச் சிறை பிடுங்குகிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் கைவைக்க எந்த ஜெயிலராலும் முடியாது. நாள் குறித்த தண்டனை எதிர்பார்ப்பையும் விட்டுவைக்கிறது. இன்னும் இத்தனை மாதம் என்று அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நாளை ஓட்டிவிடலாம். நாள் குறிக்காத காவல் அந்தப் பிடியையும் அறுத்துவிடுகிறது. அப்புறம் கைதியிடம் மிஞ்சுவது கவனம் ஒன்றுதான்.

அந்தக் கவனத்தை அவர் எங்கே செலுத்தினார் என்பது அவருடைய கடிதங்களில் இருக்கிறது. வ்ரோன்கேயில் அவருக்கு ஒரு சிறு தோட்டத்தில் நடக்க அனுமதி கிடைத்தது. என்ன செடி துளிர்த்திருக்கிறது, எந்த மரத்தில் எந்தப் பறவை வந்து உட்கார்ந்தது, மேகத்தின் நிறம் மாலையில் எப்படி மாறியது என்று நண்பர்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதினார். 1913இலிருந்தே செடிகளையும் பூக்களையும் பறித்து, உலர்த்தி, நோட்டுப் புத்தகங்களில் ஒட்டி, பெயரும் இடமும் எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. சிறையிலும் அதை விடவில்லை. பட்டாணிக்குருவியைப் போலவே குரல் கொடுக்கக் கற்றுக்கொண்டார். குரல் கொடுத்தால் குருவிகள் ஓடி வந்துவிடுமாம். தன் கல்லறையில் வேறெதுவும் எழுத வேண்டாம், அந்தக் குருவியின் கூவலான இரண்டு அசைகள் போதும் என்று செயலாளரும் தோழியுமான மத்தில்டே யாகோபுக்கு எழுதினார். இன்னொரு கடிதத்தில் ஒரு சாண வண்டு வருகிறது. மல்லாந்து விழுந்து கிடக்கும் அதை எறும்புகள் உயிரோடு தின்றுகொண்டிருக்கின்றன. கைக்குட்டையால் தட்டித் தட்டி எறும்புகளை விரட்டுகிறார். வண்டை விடுவித்துப் பார்த்தால் இரண்டு கால்களை ஏற்கெனவே தின்று முடித்திருக்கின்றன. தான் செய்தது உதவிதானா என்ற சந்தேகத்தோடு அந்த இடத்தை விட்டு நகர்கிறார்.

இதையெல்லாம் ஓய்வு என்றோ ஆறுதல் என்றோ சிலர் எழுதியிருக்கிறார்கள். அரசியலிலிருந்து தப்பித்து இயற்கைக்குள் ஒதுங்கிய ஒரு பெண் என்று ஒரு சித்திரம். கடிதங்களைப் படிக்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1917 மே மாதம் தோழி சோஃபி லீப்னெக்டுக்கு எழுதிய கடிதத்தில், ஜெர்மனியில் பாடும் பறவைகள் குறைந்துகொண்டே வருவதைப் பற்றிப் பேசுகிறார். காட்டையும் தோட்டத்தையும் வயலையும் ‘முறைப்படி’ நிர்வகிக்கத் தொடங்கியதும் பொந்துள்ள மரங்கள் போயின, புதர்கள் போயின, தரிசு போயிற்று. கூடு கட்ட இடமில்லாமல் பறவைகள் போயின. அங்கிருந்து அவர் மனம், சூரிச்சில் மாணவியாக இருந்த நாட்களில் படித்த ஒரு புத்தகத்துக்குத் தாவுகிறது. வட அமெரிக்கப் பழங்குடிகளை அவர்களுடைய நிலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றிய கதை அது. குருவியை உற்றுப் பார்த்த கண் நேராக நிலத்தைப் பறித்த வரலாற்றுக்குப் போய்விடுகிறது. 1913இல் வெளியான ‘மூலதனத் திரட்டல்’ நூலில் இந்தியாவின் கிராமப் பொதுநிலங்களைப் பிரிட்டிஷ் ஆட்சி எப்படிச் சிதைத்தது, பழைய நீர்ப்பாசன வேலைகளை எப்படிப் பாழாக விட்டது என்று எழுதியவரும் இவர்தான். நம் ஏரிகளுக்கும் கண்மாய்களுக்கும் நேர்ந்ததை வார்சாவிலும் சூரிச்சிலும் படித்து பெர்லினில் உட்கார்ந்து எழுதிய ஒருவரால் உணர முடிந்திருக்கிறது. பூவைப் பார்க்கும் கண் ஒன்று, சுரண்டலைப் பார்க்கும் கண் ஒன்று என்று அவருக்கு இரண்டு கண்கள் இருந்ததாக நான் நம்பவில்லை.

பிரெஸ்லாவ் மோசம். தோட்டம் கிடையாது, கல் பாவிய பெரிய முற்றம். 1917 அக்டோபரில் நெருங்கிய நண்பரான மருத்துவர் ஹான்ஸ் டீஃபென்பாக் போர்முனையில் இறந்தார். போருக்குப் பிறகான வாழ்க்கையைப் பற்றி இருவரும் கடிதங்களில் பேசிக்கொண்டிருந்தவர்கள். அந்தச் செய்தி வந்து சில வாரங்கள் கழித்து, டிசம்பர் நடுவில், சோஃபிக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். சோஃபியின் கணவரும் ரோசாவின் அரசியல் தோழருமான கார்ல் லீப்னெக்டும் அப்போது சிறையில். ரோசாவுக்குக் கம்பிக்குள் அது மூன்றாவது கிறிஸ்துமஸ்.

அந்தக் கடிதத்தில் இரண்டு காட்சிகள். முதலாவதில் அவர் இரவில் கல்லைப் போன்ற படுக்கையில் விழித்துக் கிடக்கிறார். அறையில் கும்மிருட்டு. கீழே காவலாளியின் பூட்ஸ் ஈரமான சரளைக்கல்லில் நறநறக்கிறது. காரணமே இல்லாமல் ஒரு சந்தோஷம் நெஞ்சில் பொங்குகிறது. எதற்காக இந்தச் சந்தோஷம் என்று தேடிப் பார்க்கிறார், ஒன்றும் அகப்படவில்லை, தன்னைப் பார்த்தே சிரித்துக்கொள்கிறார். உயிரோடு இருப்பதைத் தவிர வேறு ரகசியம் இல்லை என்று முடிவுக்கு வருகிறார். காவலாளியின் காலடிச் சத்தம்கூடக் கேட்கத் தெரிந்த காதுக்குப் பாட்டாக இருக்கிறது என்கிறார்.

இரண்டாவது காட்சி பகலில். சிறை முற்றத்துக்கு ராணுவ வண்டிகள் வருகின்றன. வண்டி நிறைய சிப்பாய்களின் பழைய சட்டைகள், மேலங்கிகள், பலவற்றில் ரத்தக்கறை. சிறையில் இருக்கும் பெண்கள் அவற்றைத் தைத்துச் சரிசெய்து திருப்பி அனுப்ப வேண்டும். வண்டியை இழுப்பவை ருமேனியாவிலிருந்து போர்க்கொள்ளையாகக் கொண்டுவந்த எருமைகள். பாரம் அதிகம், வாசல் மேட்டில் ஏற முடியவில்லை. கூட வந்த சிப்பாய் சாட்டையின் தடித்த பிடியால் அவற்றை விளாசுகிறான். இரக்கமே இல்லையா என்று கேட்ட பெண் காவலரிடம், எங்களுக்கு யார் இரக்கப்படுகிறார்கள் என்று சொல்லிவிட்டு மேலும் அடிக்கிறான். எருமைத்தோல் எவ்வளவு தடிமன் என்று நமக்குத் தெரியும். அந்தத் தோல் கிழிந்துவிட்டது. பாரம் இறக்கும்போது, ரத்தம் ஒழுகிய எருமை அசையாமல் நிற்கிறது. எதற்காக அடித்தார்கள் என்று தெரியாமல் அழுது ஓய்ந்த குழந்தையின் முகம் அதற்கு. ரோசா அதன் எதிரே நிற்கிறார். அவர் கண்ணிலிருந்து நீர் வடிகிறது. அது எருமையின் கண்ணீர் என்று எழுதுகிறார். அந்த எருமை விட்டுவந்த ருமேனியப் புல்வெளிகளையும் அங்கே மேய்ப்பர்கள் கூப்பிடும் குரலையும் நினைத்துக்கொள்கிறார். சிப்பாய் பையில் கைவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு முற்றத்தில் உலாவுகிறான்.

தமிழ் வாசகர் யாருக்கும் இந்த இடத்தில் கோவைச் சிறை நினைவுக்கு வராமல் இருக்காது. 1908இல் தண்டிக்கப்பட்ட வக்கீல் வ.உ.சிதம்பரம் பிள்ளையை மாட்டுக்குப் பதிலாகவே செக்கில் பூட்டினார்கள். அவர் கண்ணூர்ச் சிறையில் இருந்தபோது ‘மெய்யறம்’ எழுதினார் என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

ரோசா கொல்லப்பட்ட பிறகு, 1920இல், எழுத்தாளர் கார்ல் க்ரவுஸ் இந்த எருமைக் கடிதத்தை மேடையில் வாசித்தார்; வியன்னாவிலிருந்து தாம் நடத்திய ‘டீ ஃபாக்கெல்’ இதழிலும் அச்சிட்டார். பெரும்பாலும் ஒற்றை ஆளாகவே எழுதி நிரப்பிய சிற்றிதழ் அது. இந்தக் கடிதம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும் என்றார். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து ஒரு சீமாட்டி பெயர் போடாமல் பதில் எழுதினார். எருமைகள் காலங்காலமாக வண்டி இழுப்பவைதான், அவற்றுக்குத் தோல் தடிமன், இந்த அம்மாள் புரட்சி செய்வதை விட்டுவிட்டு மிருகக்காட்சி சாலையில் வேலை பார்த்திருக்கலாம் என்ற தொனி. க்ரவுஸ் அந்தக் கடிதத்தை முழுசாக அச்சிட்டு, கோபம் கொப்பளிக்க ஒரு பதிலும் எழுதினார். சிற்றிதழ் எதற்கு என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பக்கங்களைத்தான் காட்டுவேன். ஓர் எருமையின் வலிக்காகத் தன் இதழையே முன்னால் நிறுத்திய ஆசிரியர் அவர்.

நம் இதழுக்கும் கடிதங்கள் வருகின்றன, வேறு திசையிலிருந்து. நாடு இப்படிக் கிடக்கும்போது பறவை, பூ, ஓவியம் என்று பக்கங்களைச் செலவிடலாமா என்று நெருங்கிய தோழர்களே கேட்கிறார்கள். கேள்வியில் நேர்மை இருக்கிறது. முதலில் விடுதலை, அழகெல்லாம் அப்புறம் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. இதற்கு நேர் எதிரான நினைப்பும் உண்டு. பிரெஞ்சுப் புரட்சி கொலைக்களமாக மாறியதைப் பார்த்து மனம் நொந்த ஜெர்மன் கவிஞர் ஷில்லர், 1795இல் வெளியிட்ட அழகியல் கடிதங்களில், மனிதர்கள் அழகின் வழியாகத்தான் சுதந்திரத்துக்குப் போய்ச்சேர முடியும் என்றார். முதலில் அழகு, அப்புறம் சுதந்திரம். எனக்கு இரண்டு வரிசையும் ஒப்பவில்லை. இரண்டுமே மனிதர்களை ஒரு வரிசையில் காக்க வைக்கின்றன. பிரெஸ்லாவ் கைதி காத்திருக்கவில்லை.

1918இல் அதே சிறையில் அவர் ரஷ்யப் புரட்சியைப் பற்றி ஒரு கையெழுத்துப் படி எழுதினார். புரட்சியை வரவேற்றவர்தான், ஆனால் போல்ஷெவிக்குகள் அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததையும் பத்திரிகைகளின் வாயை அடைத்ததையும் அவரால் ஏற்க முடியவில்லை. அவருடைய தோழர் பவுல் லெவி சிறைக்கே போய் இப்போது வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிற்பாடு 1922இல் அவரே அதை வெளியிட்டார். ஆளும் கட்சிக்காரர்களுக்கு மட்டும் இருக்கும் சுதந்திரம் சுதந்திரமே ஆகாது, மாற்றுக் கருத்து உள்ளவருக்கு அது இருந்தாக வேண்டும் என்ற அவருடைய புகழ்பெற்ற வாதம் அந்தப் படியின் ஓரத்தில் எழுதிய குறிப்பாகத்தான் இருக்கிறது. இதைத் தாராளவாதிகள் மேற்கோளாக்கித் தேய்த்துவிட்டார்கள். எந்த அறையில், எந்தக் கண்ணோடு அவர் அதை எழுதினார் என்பதை யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

ஒன்றை அழகாகப் பார்ப்பது என்றால், அது எனக்கு எதற்குப் பயன்படும் என்ற கேள்வியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பது. பட்டாணிக்குருவி ரோசாவின் கட்சியில் இல்லை. எருமைக்குப் புரட்சி தெரியாது. அவை அவையாக இருப்பதை அவர் பார்த்தார். அப்படிப் பார்க்க நேரம் எடுத்துக்கொண்டார். தன் வழிக்கு வராத ஒன்றை அதன் இயல்பில் விட்டுவைக்கும் பழக்கம் முற்றத்தில் ஒருவருக்கு வந்துவிட்டால், எதிர்த்துப் பேசுகிறவனின் வாயைப் பொத்த அவருக்குக் கை எழாது. எதிர்க்கருத்துக்காரரின் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய வரிகளும் வண்டின் காலைப் பற்றி எழுதிய வரிகளும் ஒரே கவனத்திலிருந்து வந்தவை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த அதிகாரமும் முதலில் பறிக்க நினைப்பது இந்தக் கவனத்துக்கு வேண்டிய நிதானத்தைத்தான். அவசரத்தில் இருப்பவருக்கு எதிரில் நிற்பவர் ஆதரவாளராகவோ தடையாகவோ மட்டுமே தெரிவார்.

இதைச் சிறையின் பெருமை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆண்டுகளில் அவருடைய வயிறு கெட்டது, நரம்பு தளர்ந்தது, தலை நரைத்தது. பேசவே பிடிக்காத நாட்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். விடுதலையான சுமார் இரண்டு மாதத்தில், 1919 ஜனவரி 15 அன்று, வலதுசாரிப் படை அதிகாரிகள் அவரை அடித்து, சுட்டு, லாண்ட்வேர் கால்வாயில் வீசினார்கள். உடல் கிடைத்தது மே கடைசியில்.

நாள் குறிக்காத காவல் அவரோடு முடிந்துவிடவும் இல்லை. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பங்குபோல் விசாரணைக் கைதிகள். எந்தக் குற்றமும் நிரூபணமாகாதவர்கள். வாய்தா, மறுபடி வாய்தா. இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் குற்றச்சாட்டே இல்லாமல் 18 மாதம் வரை ஒருவரை அடைத்துவைக்க வழி செய்தது. அதன்கீழ் பிடிபட்ட தமிழ் இளைஞர்களில் பலர் நடுவயதில்தான் வெளியே வந்தார்கள். அவர்களில் சிலர் சிறையில் எழுதியவை நம்மிடம் வந்திருக்கின்றன. அவற்றில் மரம் இருக்கிறது, மழை இருக்கிறது, வந்து போகும் பூனை இருக்கிறது. ‘இதில் போராட்டம் எங்கே’ என்று கேட்டு அவற்றைத் திருப்பி அனுப்பும் ஆசிரியராக நான் இருக்க மாட்டேன்.

இந்த இதழிலிருந்து, சிறையில் இருக்கும் எந்த வாசகருக்கும் சந்தா இல்லாமல் இதழை அனுப்புகிறோம். பெயர், கைதி எண், சிறையின் முகவரி மூன்றையும் உறவினர்களோ வழக்கறிஞர்களோ எழுதி அனுப்பினால் போதும். என்ன வழக்கு என்று கேட்க மாட்டோம். உள்ளே கடிதங்களையும் புத்தகங்களையும் சோதித்துவிட்டுத்தான் தருவார்கள் என்பதால் இதழ் கைக்குப் போய்ச்சேர நாளாகலாம். பழைய இதழ்கள் வேண்டுமென்றாலும் கேட்கலாம். கையிருப்பில் உள்ளவரை அனுப்புவோம். உள்ளிருந்து எழுதுகிறவர்கள் தாளின் இரண்டு பக்கமும் எழுதலாம், பென்சிலிலும் எழுதலாம்.