மீட்டர் பெட்டிக் கதவு

சென்ற வெள்ளிக்கிழமை விடியற்காலையில், மாடித் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாத நேரமாகப் பார்த்து, எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் ஓட மறுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, உறுமுவதோடு சரி. முந்தின வாரம் தினசரிப் பத்திரிகையின் மடிப்பிலிருந்து வழுவழுப்பான வர்ண நோட்டீஸ் ஒன்று நழுவி விழுந்ததும், மின்சாரம், குழாய், மோட்டார் முதலிய சகல பழுதுகளுக்கும் அரை மணியில் ஆள் வருவார் என்று அதில் அச்சிட்டிருந்ததும், ஏதோ ஒரு முன்யோசனையால் நான் அதை மேஜை டிராயரில் பத்திரப்படுத்தியதும் நினைவுக்கு வரவே, என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு அந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

மூன்று மணி நேரம் கழித்து, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞர் வந்தார். மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டினார். "வைண்டிங் போயிடுச்சு சார், கழட்டி எடுத்துட்டுப் போகணும்" என்று சொல்லி, என் மாத ஓய்வூதியத்தில் கணிசமான ஒரு பாகத்தைக் கேட்டார். யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டு அம்மாள் சொன்ன ஆளை வரவழைத்தேன். ஐம்பது வயதிருக்கும்; அட்டையும் கிடையாது, சீருடையும் கிடையாது. சுவிட்சைப் போடச் சொல்லி, அந்த உறுமலைக் காது கொடுத்துக் கேட்டார். "கண்டென்சர்தான் சார்" என்றார். பையிலிருந்து புதிது ஒன்றை எடுத்து மாட்டினார். பத்து நிமிஷத்தில் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

கூலியை வாங்கிக்கொண்ட பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். மீட்டர் பெட்டிக் கதவைத் திறந்து, அதன் உட்புறத்தில், சட்டைப் பையிலிருந்த கறுப்பு மார்க்கரால் தம் பெயரையும் எண்ணையும் நிதானமாக எழுதினார். அதற்கு மேலே, துருவேறிய தகட்டில், எங்கள் வீட்டுக்கு வந்துபோன பழுதுபார்ப்போரின் பரம்பரையே இருந்தது: பென்சிலால் எழுதிய ஒரு தரைவழி எண், யாரோ கோடு போட்டு அடித்துவிட்ட ஒரு பெயர், எண் அழிந்துபோய் 'பிளம்பர்' என்ற சொல் மட்டும் மிஞ்சிய ஒரு வரி. ஃபியூஸ் போட எத்தனையோ தடவை திறந்த கதவுதான். அன்றுதான் அதை வாசித்தேன்.

"நோட்டீஸ் அடிக்கிறதில்லையா?" என்று கேட்டேன்.

"ஒரு தரம் அடிச்சேன் சார், ஆயிரம் நோட்டீஸ். மூணு போன் வந்துச்சு. அதுல ரெண்டு, எங்கிட்டயே வேலை கேட்டு" என்றார்.

அந்த மனிதர் போன பிறகும் அந்தக் கதவு என் மனத்தை விட்டுப் போகவில்லை. விளம்பர சாஸ்திரம் என்று நாம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் பண்டங்களை விற்பதற்காக ஏற்பட்டது. 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தயாரிக்கத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவ், ஆரம்ப காலத்தில் அதைச் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாக விநியோகம் செய்தார் என்பது பிரசித்தம். தைலத்தை அப்படிக் கொடுக்கலாம். நெற்றியில் தடவிப் பார்த்தவன் மறுநாள் கடைக்குப் போவான். குழாய் ரிப்பேர்க்காரர் எதை மாதிரிக்குக் கொடுப்பார்? குழாய் ஒழுகாத வீட்டில் அவருடைய திறமைக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. எத்தனை வர்ணத்தில் அச்சடித்தாலும் அவரிடம் ஆசையை எவருக்கும் உண்டாக்க முடியாது. அவசியம் நேரும் அந்த ஒரு கணத்தில் அவர் பெயர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கவேண்டும். அவர் செய்யக்கூடிய விளம்பரம் அவ்வளவுதான்.

தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போன பழைய தொழிலாளிகள் இந்தச் சிக்கலை எத்தனை அழகாகத் தீர்த்து வைத்திருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. "அம்மி கொத்தலையோ!", "ஈயம் பூசலையோ!" என்றுதான் குரல் வரும். அந்த 'லையோ'வைக் கவனிக்கவேண்டும். தம்மைப் போல் கொத்துகிறவர் இந்த ஜில்லாவில் இல்லை என்று அவர் சொல்வதில்லை. வீட்டுக்காரியைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார். நாலு நாளாக மிளகாய் மசியாமல் அம்மியில் வழுக்கிக்கொண்டிருப்பது அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு ஞாபகம் வருகிறது. ஈயக்காரரோ வாசலிலேயே குழி தோண்டித் துருத்தியை வைத்துக் கரியை மூட்டி, பித்தளைப் பாத்திரத்தைக் காயவைத்து, நவச்சாரத்தைத் தூவிப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார், புகை கிளம்பும், புகை அடங்கினால் களிம்பேறிக் கிடந்த உட்புறம் வெள்ளியாய் மின்னும். வேடிக்கை பார்க்கக் கூடிய குழந்தைகளுக்குப் பின்னால் அவர்களுடைய தாய்மார்களும் நிற்பார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய்த் தன் வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வருவாள். கூவலும் மாதிரியும் வேலையும் ஒரே வாசலில் முடிந்துவிடும்.

இன்றைக்கு மின் கம்பமும் மரமும் மதில் சுவரும் கூவுகின்றன. செப்டிக் டேங்க் சுத்தம் செய்பவரிலிருந்து வீடு மாற்றிக் கொடுப்பவர் வரை ஒட்டாத இடமில்லை. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் இயற்றப்பட்டிருப்பது ஒட்டுகிறவர்களுக்குத் தெரியுமோ தெரியாதோ. இவர்களைவிடக் குடிநீர் இயந்திரத்தைச் சுத்தம் செய்துவிட்டு அதன் முதுகிலேயே தேதியும் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகிறவர் புத்திசாலி. தினசரிக் காலண்டரில் தம் பெயரைப் போட்டுக் கொடுக்கும் தையற்கடைக்காரரும் அப்படியே. சிவகாசியில் அடித்த அந்த அட்டை, தாள் கிழிக்கும் ஒவ்வொரு காலையிலும் வீட்டாரின் கண்ணில் படுகிறது.

போனில் கேட்டால் ஆளைச் சொல்லும் ஏற்பாடு ஜஸ்ட் டயல் என்ற பெயரில் 1996இலேயே வந்துவிட்டது. இப்போது அதே காரியத்தைச் செய்யக் கைப்பேசியில் எத்தனையோ செயலிகள். வெளியூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இவை பெரிய சௌகரியம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்முடைய கண்டென்சர்காரர் இப்படிப்பட்ட ஓரிடத்தில் பணம் கட்டிச் சேர்ந்து, ஆறு மாதத்தில் விலகியவர். "ஒரே வீட்டு நம்பரை நாலு பேருக்குக் கொடுத்துடறாங்க சார். நாலு பேரும் போன் பண்ணுவோம். மூணாவது ஆள் பண்ணும்போதே அந்த வீட்டம்மா திட்ட ஆரம்பிச்சுடும்" என்றார். நாலு பேரும் காசு கொடுத்து வாங்கிய நம்பர் அது!

சென்னையில் ஆட்டோக்காரர்கள் சவாரிக்கு வருகிறவரைக் 'கிராக்கி' என்பார்கள். கடைக்காரர்கள் 'வாடிக்கை' என்பார்கள். வாடிக்கை என்றால் வழக்கம். ஒருவர் வழக்கமாக வருகிறவராக ஆனால்தான் அந்தச் சொல் அவருக்குப் பொருந்தும். நோட்டீஸும் செயலியும் கிராக்கியைக் கொண்டுவரும் என்றும், வாடிக்கையைக் கொண்டுவருவது வேலை ஒன்றுதான் என்றும் எனக்கு ஓர் அபிப்பிராயம். வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சிலே விதி வைத்திருக்கிறது. பெயர்ப் பலகைகூட அளவோடு இருக்கவேண்டும். அதனால் கட்சிக்காரர் இல்லாமல் கோர்ட்டுகள் காலியாகிவிட்டதாகத் தெரியவில்லை. டாக்டருக்கும் மருத்துவச்சிக்கும் 'கைராசிக்காரர்' என்ற பட்டத்தைக் கொடுப்பது குணமடைந்தவர்களின் வாய்தானேயொழிய, எந்த அச்சுக்கூடமும் அல்ல.

பழுதில்லாத மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போக வந்தவர்களின் நோட்டீஸ் இன்றைக்கும் பத்திரிகைக்குள்ளிருந்து விழுந்தது. அதே வழுவழுப்பு, அதே அரை மணி. இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மாடிப் போர்ஷன்காரர் வந்தார். மின்விசிறி சுற்றவில்லையாம். மீட்டர் பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய், கதவின் உட்புறத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.