மூக்கணாங்கயிறு யார் கையில்?

காங்கேயம் என்றதும் காளை நினைவுக்கு வரும். உயர்ந்த திமில்; மிரட்டும் கொம்பு. அத்தனை பெரிய காளையை ஒரு பொடியன் ஓட்டிக்கொண்டு போவான். எப்படி? மூக்கணாங்கயிறு அவன் கையில் இருக்கிறது!

மனிதனின் ஆசையும் அப்படித்தான். ஆசை பாவம் அல்ல, இயற்கை. கயிறு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

காங்கேயத்தில் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் உண்டு. பக்கத்தில் திருப்பூர்; அங்கே பனியன் கம்பெனிகள். ஊரை விட்டு வந்த வாலிபர்கள் பலர் இந்த வட்டாரத்தில் வேலை செய்கிறார்கள். ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தால் பேச ஆள் இல்லை. கையில் செல்போன் இருக்கிறது. அதில் ஆபாசப் படம் வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளையின் கையில் இருப்பதும் அதே செல்போன்தான்.

இதனால் மூளைக்கு என்ன ஆகிறது? உடம்புக்கு என்ன ஆகிறது?

எலி சொன்ன பாடம்

1954-ம் ஆண்டு, கனடாவில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு சோதனை பற்றி எழுதினார்கள். எலியின் மூளையில் மெல்லிய கம்பியைப் பொருத்தினார்கள். எலி ஒரு விசையை அமுக்கினால் மூளையில் லேசாக மின்சாரம் பாயும். எலி அமுக்கியது. மறுபடியும் அமுக்கியது. அமுக்கிக்கொண்டே இருந்தது!

'இன்னும் வேண்டும்' என்று தூண்டும் இடம் நம் மூளையிலும் உண்டு. அங்கே வேலை செய்யும் ரசாயனத்தின் பெயர் டோபமைன். பசித்தவனைச் சோற்றை நோக்கி நடக்க வைப்பதும் இதுதான். புதியதைக் கண்டால் இது அதிகம் துள்ளும். செல்போனிலோ புதியதற்குப் பஞ்சமே இல்லை. விரலை நகர்த்தினால் போதும்.

2014-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக டாக்டர் வலேரி வூன் குழுவினர், கட்டுப்பாட்டை இழந்த 19 ஆண்களின் மூளையைப் படம் பிடித்தார்கள். போதைக்கு அடிமையானவர்களிடம் கிளர்ந்து எழும் அதே பகுதிகள், ஆபாசக் காட்சியைக் கண்டதும் இவர்களிடம் கிளர்ந்தன. இன்னொன்றும் தெரிந்தது. மற்றவர்களைவிட இவர்களுக்கு வேட்கை அதிகம். ஆனால், கிடைத்த இன்பம் அதிகம் இல்லை!

அதே ஆண்டு, பெர்லின் நகர ஆராய்ச்சியாளர்கள் 64 ஆண்களைச் சோதித்தார்கள். அதிக நேரம் படம் பார்ப்பவர்களுக்கு மூளையின் ஒரு பகுதி சிறியதாக இருந்தது. பார்த்ததால் சிறுத்ததா? சிறுத்திருந்ததால் அதிகம் பார்த்தார்களா? அந்த ஆராய்ச்சி முடிவு சொல்லவில்லை. 'மூளை அழுகிவிடும்' என்று மிரட்டுவது பொய்.

எது நோய்?

எப்போதோ பார்த்தவர் எல்லாம் நோயாளி அல்ல. பாலுணர்வைக் கட்டுப்படுத்த முடியாத நிலையை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுத்த முயன்று முயன்று தோற்பது, வேலையும் குடும்பமும் கெடுவது, ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் அது நீடிப்பது - இவையே அடையாளங்கள். 'தப்புச் செய்துவிட்டோமே' என்ற குற்ற உணர்ச்சி மட்டும் நோய் ஆகாது.

ஆண்மை போய்விடுமா? வெறுமனே பார்ப்பதால் போய்விடும் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால், கட்டுப்பாடு இழந்தவர்களில் சிலருக்குத் தாம்பத்தியத்தில் தடுமாற்றம் வருகிறது. திரையில் நடப்பது நடிப்பு. வெட்டி ஒட்டிய படம். அதை அளவுகோலாக வைத்து மனைவியை அளந்தால் ஏமாற்றம். தன்னையே அளந்தால் பயம். பயம் இருக்கும் இடத்தில் உடம்பு ஒத்துழைக்காது. சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, சிகரெட், குடி ஆகியவையும் இதே குறையை உண்டாக்கும். ஆகவே, டாக்டர்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

போலி வைத்தியர்

வெட்கப்படுகிறவர் டாக்டரிடம் போவது இல்லை. லாட்ஜில் இருக்கும் போலி வைத்தியரிடம் போகிறார். 'விந்து போனால் உயிரே போகும்' என்று அவர் மிரட்டுகிறார். ஒரு மாதச் சம்பளம் லேகியத்துக்குப் போகிறது. விந்து கழிவதால் உயிரும் போகாது, பலமும் போகாது. இந்த வீண் பயத்தை டாக்டர் நரேந்திர நாத் விக், 1960-லேயே ஒரு மனக்கோளாறாகப் பெயரிட்டு எழுதினார். ஆண்மைக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படத்தைத் தனிமையில் பார்ப்பது குற்றம் ஆகாது என்று 2024 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு ஒரு வழக்கில் கூறியது. இளைஞர்களைத் தண்டிப்பதைவிட நல்வழிப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. 2024 செப்டம்பர் 23 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அத்தகைய படத்தைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் சட்டத்தின் பிடிக்குள் வரும். அந்தப் படத்தில் இருப்பது நடிப்பு அல்ல. ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை. பாலியல் கல்வி வேண்டும் என்பதையும் அதே தீர்ப்பு வலியுறுத்தியது.

கல்வி வீட்டில் தொடங்க வேண்டும். பிள்ளை செல்போனில் எதையோ பார்த்துவிட்டான் என்று தெரிந்தால், அடிக்காதீர்கள். அடித்தால் ஒளிப்பான், திருந்தமாட்டான். உட்கார வைத்துப் பேசுங்கள். இரவில் எல்லோருடைய செல்போனும் கூடத்திலேயே இருக்கட்டும்; அப்பாவின் செல்போனும்தான்! வாலிபர்களுக்குத் தூக்கமும் விளையாட்டும் நண்பர்களும் வேண்டும். கணவன் மனம் விட்டுச் சொன்னால், மனைவி அதைக் கேட்கும் வழி வேண்டும்.

தானாக விட முடியாதவர்களுக்கு உதவி உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' மனநல ஆலோசனை இலவசம், தமிழிலும் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் செல்போன், இணையப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு என்றே 2014 முதல் தனிப் பிரிவு நடக்கிறது.

முரட்டுக் காளையை யாரும் கொன்றுவிடுவது இல்லை. அவிழ்த்து விட்டுவிடுவதும் இல்லை. பழக்குகிறார்கள். ஆசையையும் பழக்கலாம். அதற்கு முதல் வேலை, வாய் திறந்து பேசுவது.